பட்டறையில் பிறக்கும் விபத்து!

இரவு மணி 11.

சாலை ஓரத்தில் ஒரு லாரி நிற்கிறது. லாரி நிறைய இரும்புக் கம்பி. கம்பிகளின் நுனி, லாரியின் பின்பக்கத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருக்கிறது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

மோட்டார் சைக்கிளில் ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். கலியாண வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறார்கள். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கணவனின் கண்ணைக் கூசச் செய்கிறது. அடுத்த நொடியில்...

கூட்டம் கூடுகிறது.

"நிற்கிற லாரி மீது போய் மோதி இருக்கிறானே! பார்த்து வரக் கூடாதா?" என்கிறார் ஒருவர்.

இப்படிப்பட்ட காட்சியை வாசகர்களில் பலர் பார்த்து இருப்பீர்கள். பின்னால் வந்து மோதியவன் மீதே பழி விழும். ஆனால் அந்த விபத்து அன்று இரவு பிறந்தது அல்ல. பல மாதங்களுக்கு முன்பே ஒரு பட்டறையில் அது பிறந்துவிட்டது!

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவை எல்லாம் லாரியால் வந்த சாவுகள் அல்ல. ஆனால் லாரியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதால் வரும் சாவுகள், நிச்சயமாகத் தடுக்கக்கூடியவை.

ஒரு நடைக்கு இரண்டு டன்!

லாரிக்கு "பாடி" கட்டுவதில் நாமக்கல் பேர் பெற்ற ஊர். பல மாநிலங்களில் இருந்து அங்கே வண்டி வருகிறது. அந்தத் தொழிலாளர்களின் கைத்திறமையில் குறை இல்லை. கொடுத்த அளவை மீறிக் கட்டச் சொல்லும்போதுதான் வம்பு வருகிறது.

எந்த ஊர்ப் பட்டறையிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்:

"மேஸ்திரி! பக்கப் பலகையை ஒரு முழம் ஏத்திக் கட்டிடுங்க."

"அண்ணே, ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற அளவு வேற ஆச்சுங்களே?"

"யாரு வந்து அளக்கப்போறாங்க? கமானுக்கும் ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டிடுங்க. டீசல் விக்கிற விலையில, நடைக்கு ரெண்டு டன் கூட ஏத்தினாத்தான் கட்டுப்படி ஆகும்."

லாரிக்காரரின் கஷ்டம் பொய் அல்ல. மாதத் தவணை, டீசல், டயர், சுங்கச்சாவடி, டிரைவர் படி என்று செலவு வரிசையாக நிற்கிறது. ஆனால் அந்த இரண்டு டன்னுக்கு வாடகை வாங்குவது ஒருவர். விலை கொடுப்பது வேறு ஒரு குடும்பம்!

கமான் தாங்கும், பிரேக் தாங்குமா?

இந்த வண்டி இவ்வளவு எடைதான் தாங்கும் என்று லாரிக் கம்பெனி கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின்படியே பிரேக், அச்சு, டயர், ஸ்டியரிங் எல்லாவற்றையும் அமைக்கிறது.

கமான் பட்டையைக் கூட்டினால் என்ன ஆகும்? பாரம் ஏறினாலும் வண்டி தழையாது. பார்ப்பவர் கண்ணுக்குச் சரியான எடை ஏற்றியதுபோலவே தெரியும். ஆனால் பிரேக் பழைய பிரேக்தானே!

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைப் பார்த்து டிரைவர் பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். பிறகு, பாரம் அளவை மீறி இருந்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும். மலைச் சரிவில் பிரேக் சூடேறி, பிடியே தளர்ந்துவிடும்.

பக்கப் பலகையை உயர்த்தினால் பாரமும் உயரத்துக்குப் போகிறது. ஒரு குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சுலபமாக நடக்கலாம். மூன்று குடத்தை அடுக்கிக்கொண்டு சட்டென்று திரும்ப முடியுமா? வளைவில் லாரி கவிழ்வதும் இப்படித்தான்.

இன்னொன்று, லாரியின் பின்னால் குறுக்கே இருக்கும் தடுப்புக் கம்பி. தரையில் இருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பலருக்கு அது எதற்கு என்றே தெரியாது. பின்னால் வரும் கார் மோதினால், அந்தத் தடுப்பில் காரின் முன்பக்கம் இடித்து நசுங்கும். உள்ளே இருப்பவர்களை பெல்ட்டும் காற்றுப் பையும் காப்பாற்றும். தடுப்பு இல்லாவிட்டால், கார் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். லாரியின் விளிம்பு நேரே தலைக்கு வரும்!

கல் குவாரிப் பாதையில் தரையில் இடிக்கிறது என்று இந்தத் தடுப்பைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. தகுதிச் சான்று வாங்கும் அன்று மட்டும் மாட்டி, மறுநாள் கழற்றுகிறவர்களும் உண்டு.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப்பற்றிப் பேசுகிறது. கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. விதிகள் இடம் தரும் மாற்றத்தைக்கூட அனுமதி பெற்றுத்தான் செய்யவேண்டும், ஆர்.சி.யில் பதியவும் வேண்டும். கம்பெனி வகுத்த அமைப்புக்கு முரணாக மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிப்படுத்தியது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனை கடுமையானது:

சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றிய சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

பாரம் பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ அளவை மீறி நீட்டிக்கொண்டு இருந்தால் 20,000 ரூபாய்.

பணம் கொடுப்பது யார்?

டிரைவரின் கவனக்குறைவால் விபத்து நடந்தால், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு லாரிச் சொந்தக்காரரையும் சேரும். "நான் வீட்டில் தூங்கிக்கொண்டு இருந்தேன்" என்று அவர் தப்ப முடியாது. அந்தப் பணத்தைக் கொடுப்பதற்காகவே இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆக்கப்பட்டு இருக்கிறது.

ஆனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று சொந்தக்காரர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உதாரணமாக, டிரைவருக்குச் சரியான லைசென்சு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதைச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். 2004-இல் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கி இருக்கிறது. கம்பெனிக்குத் தெரிவிக்காமல் வண்டியை மாற்றி இருந்தால், சொந்த லாரியின் சேதத்துக்குக் கேட்கும் பணத்திலும் தகராறு வரும். இரண்டு டன் வாடகைக்கு ஆசைப்பட்டு, வீட்டையும் நிலத்தையும் விற்கும் நிலை வரலாம்!

குடும்பத்தார் கவனிக்க!

நஷ்ட ஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பார், "பின்னால் மோதியவர் மீதும் தவறு இருக்கிறது" என்று வாதிடுவார்கள். பாதித் தவறு என்று முடிவானால், 10 லட்சம் கிடைக்கவேண்டிய இடத்தில் 5 லட்சம்தான் கிடைக்கும். அதனால்தான், லாரி எப்படி இருந்தது என்பது முக்கியம்.

லாரியை அங்கிருந்து எடுப்பதற்கு முன், பின்பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தடுப்புக் கம்பி இருந்ததா? சிவப்பு விளக்கு எரிந்ததா? ஒளி வீசும் சிவப்புப் பட்டை ஒட்டி இருந்ததா? கம்பி நீட்டிக்கொண்டு இருந்ததா? செல்போனில் நாலு படம் போதும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலையும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

விபத்து நடந்த ஊரில்தான் மனுச் செய்யவேண்டும் என்பது இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுக் கோர்ட்டிலும் செய்யலாம். 6 மாதத்திற்குள் மனுச் செய்யவேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. கெடு தாண்டிவிட்டது என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம், வக்கீலைக் கேளுங்கள்.

இறந்தது வீட்டு வேலை பார்த்த பெண் என்றால், "அவருக்குச் சம்பாத்தியம் ஏது?" என்று ஒதுக்க முடியாது. வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

இடித்த லாரி நிற்காமல் போய், எது என்று தெரியவில்லையா? அப்போதும் வழி உண்டு. உயிர் போனால் 2 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் அரசாங்கத் திட்டம் இருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு.

போன உயிரை எந்தப் பணமும் திருப்பித் தராது. ஆகவே கடைசியாக ஒரு வார்த்தை, லாரிச் சொந்தக்காரர்களுக்கு:

"அளவு வேற ஆச்சுங்களே?" என்று மேஸ்திரி கேட்டாரே, அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் மகனும் மருமகளும் அதே சாலையில்தான், ஏதோ ஒரு கலியாண வீட்டில் இருந்து இரவில் திரும்பி வருகிறார்கள்.