மலையில் மழை இல்லை என்றார் ஓட்டுநர்

ஏற்காடு அடிவாரத்தில் எவர் காதிலும் விழக்கூடிய ஒரு வாக்கியம் இது: மலையில் மழை இல்லை என்றார் ஓட்டுநர். வெறும் தகவல். இதை இரண்டு வரியாக உடைத்துப் பாருங்கள்.

மலையில் மழை
இல்லை என்றார் ஓட்டுநர்

முதல் வரி முடிவதற்குள் மனதில் மழை பெய்துவிடுகிறது. அடுத்த வரி அதை நிறுத்தினாலும் நாம் நனைந்தது நனைந்ததுதான். இப்போது உடைக்கும் இடத்தை ஒரு சொல் தள்ளி வைப்போம்.

மலையில் மழை இல்லை
என்றார் ஓட்டுநர்

இங்கே முதல் வரி உறுதியான செய்தி. இரண்டாம் வரி வந்ததும் அது ஒருவர் வாய்ச்சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றுகிறது. சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. வரி முடியும் இடம் மட்டும்தான் மாறியது.

நாற்பது வயதுக்கு மேல் புதுக்கவிதைப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “வாக்கியத்தை மடக்கி மடக்கிப் போட்டால் கவிதையா?” என்றுதான். நியாயமான கேள்வி. மரபுக் கவிதையில் அடி எங்கே முடியும் என்பது காதுக்கு முன்பே தெரியும். அளவடி என்றால் நான்கு சீர். எதுகையும் மோனையும் வழிகாட்டும். புதுக்கவிதையில் அந்த ஏற்பாடு இல்லை. ஏற்காட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால்தான் அடுத்த காட்சி தெரிவதைப் போல, ஒவ்வொரு வரி முடிவிலும் வாசகர் ஒரு கணம் தெரியாமையில் நிற்கிறார். அந்தக் கணத்தில் என்ன நடக்க வேண்டும் என்று கவிஞர் தீர்மானிக்கிறார். தமிழ் இதற்கு வாகான மொழி. வினை கடைசியில் வருவதால் வந்தாரா, வரவில்லையா, வருவாரா என்பதைக் கடைசிச் சொல்வரை ஒளித்து வைக்கலாம்.

யாப்பு தெரியாதவர்கள் தொடங்கிய வடிவம் இது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதை மறுக்க, ஏற்காட்டின் அடிவாரமான சேலத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. பாரதியின் வசன கவிதைகளுக்குப் பின் 1930களில் ந. பிச்சமூர்த்தி எழுதிப் பார்த்தார், 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் புதுக்கவிதை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அதில் எழுதியவர்களுள் ஒருவர் சி. மணி. ஆங்கிலம் கற்பித்தவர், ஆங்கிலக் கவிஞர் எலியட்டை ஆழ்ந்து படித்தவர், சேலத்தில் வாழ்ந்தவர். 1968இல் சேலத்திலிருந்து ‘நடை’ என்ற சிற்றிதழ் வெளிவர அவரே முதன்மைக் காரணம். கவிஞர் ஞானக்கூத்தனின் தொடக்க காலக் கவிதைகளை வெளியிட்ட இதழ் அது. இதே மணிதான் செல்வம் என்ற பெயரில் செய்யுள் இலக்கணத்தை விளக்கும் நூலையும் எழுதினார். அசையையும் சீரையும் தளையையும் நன்கு அறிந்தவர், எங்கே அவற்றைத் தளர்த்தலாம், எங்கே பழைய ஓசையை ஒரு வரிக்குள் ஒளித்துவைக்கலாம் என்று தெரிந்தே எழுதினார். தமிழ்ப் புதுக்கவிதையை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

படிக்கத் தொடங்குகிறவருக்குப் பெரிய தடை பள்ளிப் பழக்கம். பதவுரை, பொழிப்புரை, அணி இலக்கணம் என்று படித்தவர்கள் நாம். கவிதையைக் கண்டதும் கருத்து என்ன என்று கை பரபரக்கும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். யார் பேசுகிறார், யாரிடம், எந்த இடத்தில் நின்று என்று மட்டும் பாருங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள், வரி முடியும் இடங்களில் சற்று நிறுத்தி. எந்த இடத்தில் குரல் தானாகத் தாழ்கிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. புரியாத வரியை அப்படியே விட்டுவிட்டு மேலே போகலாம். பெரும்பாலும் மூன்றாம் வாசிப்பில் அது வேறு முகம் காட்டும். சொல்லாமல் விடுவதும் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். குறிஞ்சிப் பாடலில் தலைவி அருவியையும் பலாவையும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். மீதி கேட்பவர் வேலை.

எழுதுவதற்கு வயதில் மூத்தவரிடம் இளைஞரைவிட அதிகச் சரக்கு இருக்கிறது. ஆனால் அவர் கை முதலில் நிலவு, கண்ணீர், விடியல் என்று பொதுச் சொற்களுக்கே போகும். அடிவாரத்துக்காரர் என்றால் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடியையும், அதன் நிழலில் வளரும் காப்பிச்செடியையும், மேலே போகும் வண்டி கியர் மாற்றும் சத்தத்தையும் அவர் அறிவார். அவற்றிலிருந்து தொடங்கட்டும். கண்டதைச் சாதாரண உரைநடையில் நான்கு வாக்கியமாக எழுதி, பிறகு எங்கே உடைப்பது என்று பல விதமாக மாற்றிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் உடைத்தாலும் பொருள் மாறவில்லை என்றால் அது உரைநடையாகவே இருக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. மாறினால், உணர்ச்சியை விளக்கிச் சொல்லும் கடைசி வரியை முதலில் அடித்துவிடலாம். புதிதாக எழுதுகிறவர்களின் கவிதைகளில் அது பெரும்பாலும் மிகையாகவே இருக்கும்.

சி. மணி 2009இல் மறைந்தார். அவருடைய கவிதைகளின் தொகுப்பு ‘இதுவரை’ 1996இல் க்ரியா வெளியீடாக வந்தது. நூலகத்தில் கிடைத்தால் நீள்கவிதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், குறுங்கவிதைகளிலிருந்து தொடங்குங்கள்.