கடிதக் கூலியில் சிறு பொதி

உலகத்தில் எத்தனையோ உடன்படிக்கைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பல, ஒரு யுத்தத்தின் முடிவில் பிறந்து அடுத்த யுத்தத்தின் ஆரம்பத்தில் மாய்ந்தவை. ஆனால் 1874-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பெர்ன் நகரில் 22 ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கையொப்பமிட்ட தபால் உடன்படிக்கையோ, இரண்டு மகாயுத்தங்களையும் தாண்டி உயிரோடிருக்கிறது. அதன் பயனாகத் தோன்றியதே சர்வதேசத் தபால் சங்கம். அதன் விதிகளைப் பற்றி நம்மவர் அதிகமாகச் சிந்திப்பதில்லை. தபால் ஒழுங்காகப் போய்வரும் வரையில் தபால் விதியைப் பற்றி யாருக்குத்தான் கவலை? ஆயினும் 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவுக்குச் செல்லவேண்டிய பொதிகளை நமது தபாலாபீஸ்கள் வாங்க மறுத்தபோது, இவ்விஷயம் சாமானிய ஜனங்களின் வாசலுக்கே வந்துவிட்டது. ஆகவே இதன் வரலாற்றையும் நியாயத்தையும் சற்று ஆராய்வது அவசியம்.

சங்கம் ஏற்படுவதற்கு முன்னர், ஒவ்வொரு தேசமும் மற்றொரு தேசத்தோடு தனித்தனியே தபால் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. ஒரே ஊருக்குப் போகும் கடிதத்துக்கு, அது செல்லும் வழிக்கேற்ப வெவ்வேறு கட்டணம் விதிக்கப்பட்டது. ஜெர்மனியின் தபால் அதிகாரியான ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான் என்பவர் இக்குழப்பத்தை ஒழிக்க வழி காட்டினார். அங்கத்தினரான தேசங்கள் அனைத்தும் தபால் விஷயத்தில் ஒரே பிரதேசம்; 15 கிராம் கடிதத்துக்குப் பொதுக் கட்டணம் 25 சாந்தீம்; அனுப்பும் தேசம் வசூலித்ததைத் தானே வைத்துக்கொள்ளும்; பெறும் தேசம் கூலி கேளாமல் பட்டுவாடா செய்யும். போன கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், ஆகவே கணக்குச் சரியாகிவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். இந்தியா 1876-ம் வருஷத்திலேயே இதில் சேர்ந்தது. பெயர் இந்தியாவினுடையது, வாக்களித்த கையோ ஆங்கிலேயருடையது. ஆயினும் அந்த ஆசனம் நமக்குரியதாயிற்று. சுதந்தரத்துக்குப் பின் அதில் நாமே அமர்ந்தோம்.

கடிதத்துக்கென்று பிறந்த இம்முறைக்குள், நாளடைவில் சிறு சரக்கும் இடம் பெற்றது. அதற்குச் சிறு பொதி என்று பெயர். சங்கத்தின் பொது விதிப்படி அதன் எடை 2 கிலோவுக்கு மேற்படலாகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 90 சென்டிமீட்டருக்குள்ளும், மிக நீண்ட பக்கம் 60 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும். உள்ளே இருக்கும் பொருளின் பெயர், எடை, மதிப்பு ஆகியவற்றைச் சுங்கச் சீட்டில் எழுதி மேலே ஒட்டவேண்டும். மதிப்புக் குறைந்தால் சி.என். 22, மிகுந்தால் சி.என். 23 என்பவை அச்சீட்டுகளின் பெயர். 2021 முதல், பொதி போய்ச் சேருமுன்பே இவ்விவரங்களை மின்வழியாகத் தெரிவிப்பதும் கட்டாயமாயிற்று. இவ்வளவையும் அநுசரித்துவிட்டால், பார்சலுக்குரிய பெருங் கட்டணமின்றிப் பொருள் கடிதத்தோடு கடிதமாகக் கடல் கடந்து செல்லும். கப்பலையும் தரகரையும் நாட வசதியில்லாத சிறு தொழிலாளிக்கு இதைவிட அனுகூலமான வழி வேறு ஏது? தஞ்சாவூரில் தலையாட்டிப் பொம்மை செய்கிறவனும், பெரிய கம்பெனியின் தயவில்லாமல் அந்நிய தேசத்தில் ஒரு கொள்முதல்காரனைத் தேடிக்கொள்ளலாமன்றோ?

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும். பொதிக்குப் பதில் பொதி வருமா? சரக்கு ஒரு பக்கமாகவே ஓடினால், பெறும் தேசத்துத் தபால்காரர் பிறருக்காக இலவசமாக உழைக்கவேண்டியதுதான். இதை உணர்ந்து, 1969-ம் வருஷம் டோக்கியோ மகாநாட்டில், அதிகம் பெறும் தேசத்துக்குப் பட்டுவாடாக் கூலி கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். 1971 முதல் அது அமுலுக்கு வந்தது. பிற்காலத்தில் முன்னேறாத தேசங்களுக்குக் குறைந்த விகிதமும், செல்வத் தேசங்களுக்கு உயர்ந்த விகிதமும் ஏற்பட்டன. இது தர்மத்துக்கு ஒத்ததே. பிறகு கணினி வழியே வியாபாரம் பெருகிற்று. சீனாவிலிருந்து சிறு பொதிகள் வெள்ளம்போல் அமெரிக்காவில் புகுந்தன. உள்ளூரில் அடுத்த ஊருக்கு அனுப்பத் தாங்கள் கொடுக்கும் கட்டணத்தைவிடச் சீனாவிலிருந்து அனுப்பும் செலவு குறைவு என்று அமெரிக்க வியாபாரிகள் முறையிட்டார்கள். அம்முறையீட்டை வீண் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. ஏழைக்கென்று வைத்த சலுகையை உலகின் பெரிய ஏற்றுமதித் தேசமொன்று அனுபவிப்பது எவ்விதம் நியாயமாகும்?

2018-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்கா, சங்கத்தை விட்டு விலகுவதாக நோட்டீஸ் கொடுத்தது. 2019-ம் வருஷம் செப்டம்பரில் ஜெனீவாவில் விசேஷ மகாநாடு கூடிற்று. அங்கே ஒரு சமரசம் உண்டாயிற்று. மிகுதியாகப் பொதி பெறும் தேசங்கள் 2020 ஜூலை முதல் தங்கள் பட்டுவாடாக் கூலியை ஒரு வரம்புக்குள் தாங்களே நிர்ணயிக்கலாம். மற்றத் தேசங்கள் படிப்படியாக அவ்வழிக்கு வரலாம் என்று முடிவாயிற்று. அமெரிக்காவும் தங்கிவிட்டது. வலியவன் விலகுவேன் என்று மிரட்டியதால் வந்த முடிவுதான். ஆயினும் எல்லோரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட முடிவு என்பதை மறக்கலாகாது.

2025-ல் நடந்ததோ வேறு. அதுவரை 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கு அமெரிக்கா சுங்கவரி கேட்டதில்லை. மே மாதத்தில் சீனப் பொருள்களுக்கு இச்சலுகை நீக்கப்பட்டது. ஜூலை 30-ந் தேதி பிறந்த உத்தரவினால், ஆகஸ்டு 29 முதல் எல்லாத் தேசங்களுக்கும் நீக்கப்பட்டது. கடிதங்களுக்கு வரியில்லை; 100 டாலர் வரையுள்ள அன்பளிப்புக்கும் இல்லை. மற்றவற்றுக்கு வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பு, பொதியைச் சுமந்து வருவோர் மீதும், இதற்கென அங்கீகாரம் பெற்றோர் மீதும் சுமத்தப்பட்டது. யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாத நிலையில் விமானக் கம்பெனிகள் தபாலை ஏற்க மறுத்தன. 88 தபால் ஸ்தாபனங்கள் முழுவதுமாகவோ பகுதியாகவோ சேவையை நிறுத்தின. அமெரிக்கா செல்லும் தபால், ஒரு வாரத்துக்கு முன் இருந்ததைவிட நூற்றுக்கு 81 பங்கு குறைந்துவிட்டதாகச் சங்கமே அறிவித்தது. நமது இலாகா ஆகஸ்டு 25 முதல் பொதிகளை நிறுத்தி, சில நாட்களுக்குள் கடிதங்களையும் நிறுத்தவேண்டியதாயிற்று. அக்டோபர் 15-ந் தேதி சேவை மீண்டும் தொடங்கியபோது, அன்றைய விகிதப்படி பொருளின் மதிப்பில் பாதியைச் சுங்கவரியாக அனுப்புகிறவரே இங்கே முன்கூட்டிக் கட்ட நேர்ந்தது. 100 ரூபாய்ப் பொம்மைக்கு 50 ரூபாய் வரி!

தன் எல்லைக்குள் வரும் சரக்குக்கு வரி விதிக்க ஒவ்வொரு தேசத்துக்கும் உரிமை உண்டு. சுதேசித் தொழிலைக் காக்க வரி கேட்டுப் போராடிய நாம் அவ்வுரிமையை மறுக்கமாட்டோம். சிறு பொதிகளில் போதை மருந்தும் பொய் மதிப்பும் ஒளிந்து வருகின்றன என்று அமெரிக்கா கூறுவதிலும் உண்மையுண்டு. நமது ஆட்சேபம் வரியைப் பற்றியதன்று, முறையைப் பற்றியது. 192 தேசங்கள் கூடிச் செய்த ஏற்பாட்டை, ஒரு மாதத் தவணையில் ஒரு தேசம் மாற்றி, பிற தேசத்துத் தபால்காரரைத் தன் சுங்க ஊழியராக்கலாமா? கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறவனுக்கு வக்கீலும் கணக்கனும் உண்டு; அவன் வேறு வழி தேடிக்கொள்வான். தபாலாபீஸ் ஜன்னலில் இரண்டு கிலோப் பொதியோடு நிற்கிறவனுக்கு வேறு வழி எது?

ஆகையால் நமது சர்க்கார் சங்கத்தின் சபையில் ஒரு கோரிக்கையை வற்புறுத்த வேண்டும். சிறு பொதிமீது புதிய சுமை எதுவாயினும், அங்கத்தினர் அனைவருக்கும் போதிய தவணையும், வசூலிக்கும் முறையும் முன்னரே தெரிவிக்கப்படவேண்டும் என்பதே அது. அனுப்புகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வியாபாரச் சரக்கை அன்பளிப்பு என்று எழுதுவதும், ஆயிரத்தை நூறாகக் காட்டுவதும், நேர்மையாகப் பொதி அனுப்பும் ஏழையின் வழியையே அடைக்கும். வலியவன் விதியை மாற்றத் தேடும் சாக்கை, சுங்கச் சீட்டில் நாமே எழுதிக் கொடுக்கலாகாது. சீட்டில் உண்மை இருந்தால்தான் சபையில் நமது வாதத்துக்கும் வலிமை இருக்கும்.