ஐந்து பேர் குழுவுக்கு எந்த டியூபா?

முல்லைத்தீவில் ஆசிரியராக இருக்கும் பெரியம்மாவின் மகன் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பேராதனையில ஒருத்தர் டியூபா விக்கிறாராம். நீ பக்கத்திலதானே இருக்கிறாய், ஒருக்காப் போய்ப் பார்." பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் நான் டிரம்பெட் ஊதியவன். அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணாவின் பங்கில் ஏற்கெனவே ஒரு டியூபா இருக்கிறது. பழைய வாத்தியங்கள் எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு சேர்த்து, இருப்பதிலேயே பெரிய டியூபாவாக வாங்கி அனுப்பினார்கள். ஊத வேண்டியவளோ பதினைந்து வயதுப் பிள்ளை. மடியில் வைத்தால் மவுத்பீஸ் அவளுடைய மூக்குக்கு மேலே நிற்கிறது. ஒரு வரி முடிவதற்குள் இரண்டு தடவை மூச்செடுக்கிறாள். வாத்தியம் இப்போது களஞ்சிய அறையில். அனுப்பியவர்கள் அன்பில்தான் செய்தார்கள். ஆனால் யார் ஊதப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டியூபாவுக்கு 1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்றவர்கள் வில்ஹெல்ம் வீப்ரெக்டும் யோஹான் மோரிட்ஸும். இன்று எப், ஈ-பிளாட், சி, பி-பிளாட் என்று நான்கு சுருதிகளில் அது கிடைக்கிறது. எங்கள் குழுக்களில் பேச்சு வருவது ஈ-பிளாட்டும் பி-பிளாட்டும்தான். ஈ-பிளாட்டின் குழாயை நீட்டினால் சுமார் 4 மீற்றர். பி-பிளாட் சுமார் ஐந்தரை மீற்றர். பருமன் வேறு விடயம். முக்கால், முழு, ஒன்றேகால் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'முழு' இன்னொன்றின் 'ஒன்றேகால்' ஆக இருக்கலாம். ஆகவே சுருதி என்ன, நிறை எத்தனை கிலோ, வாய் விட்டம் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள்.

அண்ணாவின் குழுவில் இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், கீழே டியூபா. திருவிழாவிலும் ஆண்டுத் திருப்பலிகளிலும், மே மாதத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாளிலும் நான்கு குரல் கீதங்களை வாசிப்பார்கள். முப்பது பேர் பாண்டில் பி-பிளாட்டின் அகன்ற ஒலி எல்லோரையும் தாங்கும். ஐந்து பேருக்கு நடுவே, சின்னக் கோயிலுக்குள், அதே ஒலி டிராம்போனை விழுங்கிவிடும். அங்கே வேண்டியது தெளிவாகத் தொடங்கித் தெளிவாக முடியும் சுரம். ஈ-பிளாட்டைச் சிறுவர் வாத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் ஜோன் பிளெட்சர் அதைத்தான் வாசித்தார், பிலிப் ஜோன்ஸ் பித்தளைக் குழுவிலும் அதே ஈ-பிளாட்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. பிரித்தானிய பாண்ட் முறையில் எழுதிய தாளில் டிரம்பெட்டுக்கும் ஈ-பிளாட் டியூபாவுக்கும் விரலடி ஒன்றே. ஊதுகிற பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால், டிரம்பெட் பிள்ளை ஒருவரை அந்த இடத்தில் உட்கார்த்தலாம். எங்கள் ஊர்களில் இது சின்ன விடயமல்ல.

காசு கொஞ்சம் கூடினாலும் நான்கு வால்வு உள்ளதையே பாருங்கள். சுருதியை அரைச்சுரம் இறக்கக் குழாய் சுமார் 6 வீதம் நீள வேண்டும். முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் கணக்குப்படி 31 வீதம்தான் கூடுகிறது. வேண்டியது 33க்கும் சற்று மேல். 4 மீற்றர் குழாயில் அது கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர் குறைவு. அதனால் சுரம் மேலே ஏறி நிற்கும், காது கேட்டு முகம் சுளிக்கும். நான்காவது வால்வு அந்த நீளத்தைத் தனியே சரியாகக் கொடுக்கிறது.

பேராதனை வீட்டில் பெரியவர் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தார். ஈ-பிளாட், நான்கு வால்வு, ஒன்பது கிலோவுக்குள். மணிவாயில் இரண்டு நெளிவு. அவை ஒலியைக் கெடுக்காது. மவுத்பீஸை அடுத்த குழாயில் நெளிவு இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அந்தக் குழாயில் செந்நிறப் புள்ளிகள் உண்டா என்றும் பார்த்தேன். பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்றுபோவதன் அடையாளம் அது, உள்ளிருந்து அரிக்கும். இல்லை. பிறகு வால்வை அழுத்தாமல் அதன் இழுகுழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சில நொடி விட்டு வால்வை அழுத்தினேன். 'டப்' என்று கேட்டால் காற்று கசியவில்லை. மூன்றில் நன்றாகக் கேட்டது, இரண்டாவதில் மெல்லத்தான்.

வாசலில் நின்றே அண்ணாவுக்கு அழைத்தேன்.

"ஆற்றை வாத்தியம்?"

"இராணுவ பாண்டில இருந்து ஓய்வு பெற்றவர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வால்வு எப்படி?"

"மூண்டு நல்லம். ஒண்டு பார்க்கவேணும்."

"பிள்ளை தூக்குவாளா?"

தூக்குவாள் என்றேன். எதற்கும் அவளே ஊதிப் பார்க்கட்டும், சரிவராவிட்டால் திருப்பித் தரலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். இரண்டு கிழமை தருவதாகச் சொன்னார். பாதிக் காசைக் கொடுத்துவிட்டுக் கண்டியிலிருந்து ஏ9 வழியாகப் போகும் பேருந்தில் இரண்டு இருக்கைக்கு ரிக்கெட் எடுத்தேன்.