மண்டியிடலும் மறுவணக்கமும்

கோயில் என்னும் சொல் அரசன் மனைக்கும் ஆண்டவன் ஆலயத்துக்கும் பொதுவாதலை யாவரும் அறிவர். வணங்கும் முறையும் அவ்வாறே ஒத்திருந்த நாடு கண்டி. அங்கே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலே, மன்னன் முன் வருவோர் மும்முறை நிலத்தில் முகம்படிய வீழ்ந்து, பின் முழந்தாளிலேயே இருந்து, விடைபெறுங்காற் புறங்காட்டாது பின்னோக்கியே நடந்தனர் என்கிறார். 'நான்' என்று கூறலும் ஆகாது. தம்மை 'நாயின் உறுப்பு' என்றே கூறிக்கொண்டனராம். அடியார் இறைவன் முன் தம்மை 'நாயேன்' என்பது இங்கு நினைவுக்கு வரும். ஆயின் அஃது அன்பின்பாற்பட்டது, இஃது அச்சத்தின்பாற்பட்டது.

நிவித்திகல அடங்கிய சப்பிரகமுவமும் அவ்வரசின் ஆட்சிக்குட்பட்டதே. 1815இல் ஶ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முடியிழந்தான். 1817இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபின், 1818 நவம்பர் 21ஆந் திகதி தேசாதிபதி பிரௌன்றிக் ஒரு பிரகடனம் விடுத்தார். தேசாதிபதி உட்பட எவர்முன்னும் நிலத்தில் வீழ்ந்து வணங்குதல் அன்றோடு ஒழிக்கப்பட்டது. தலைவர்கள் மண்டியிட்டிருத்தலும் ஒழிந்தது. ஆனால், மரியாதை ஒழியவில்லை. ஆங்கில அதிகாரி எதிர்ப்படின் வீதியின் நடுவை விட்டு விலகவேண்டும். அமர்ந்திருப்பின் எழுந்து வணங்கவேண்டும். சபாமண்டபத்திலே தொங்கும் மன்னர் படத்துக்கும் வணக்கஞ் செலுத்தவேண்டும். கடல் கடந்த அரசனுக்குப் படமே மேனியாயிற்று!

அவ்விதியின் இறுதிப் பகுதியே சிந்தித்தற்குரியது. அதிகாரிக்குச் செய்யும் வணக்கம் எப்பொழுதும் முறைப்படி ஏற்கப்பட்டு, மறுவணக்கமும் செய்யப்படும் என்றது அது. பழைய மன்னனுக்கு மறுவணக்கக் கடமை இருந்ததில்லை. வணக்கம் இருபாலார்க்கும் உரியதென்பது கண்டி நாட்டிலே அன்றுதான் சட்டமாயிற்று.

பின்னாளிற் சப்பிரகமுவத்திலே தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பரவின. துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி தலைத்துண்டை இறக்கி, விரித்த குடையை மடக்கி, வழியோரம் ஒதுங்கி நின்றான். இவ்வழக்கத்துக்குச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. துண்டும் பேர்ச்சீட்டும் போதுமாயிருந்தன. பிரகடனத்தின் முற்பாதி தோட்டத்திலே தழைத்தது. பிற்பாதி துரையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அரசனை ஒருநாளுங் காணாத மக்களுக்குத் துரையே அரசன்.

1954 ஏப்பிரலில் எலிசபெத் அரசியார் இலங்கையின் அரசியாகவே இங்கு வந்தார். அவர் ஆட்சியின்கீழ் உழைத்த தோட்டத் தமிழரிற் பெரும்பாலார், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாட்டின் பிரசைகளல்லராயிருந்தனர். வணங்குதற்குக் குடிகள், வாக்களித்தற்கு அந்நியர்.

1972 மே 22ஆந் திகதி இலங்கை குடியரசாயிற்று. அவ்வாண்டிலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 'துரை' என்னும் விளி மட்டும் அதன்பின்னும் தோட்டங்களில் நின்றது.