ஊர் திரும்பினால் எந்தக் கிணறு?

ஊர் திரும்பும் குடும்பம் கூரைக்கு அடுத்ததாகத் தேடுவது கிணற்றை. 2006இல் சம்பூரைவிட்டு இடம்பெயர்ந்தோரில் பலர் 2015க்குப் பின்னரே தம் வளவுகளைக் கண்டனர். அத்தனை காலம் இறைக்காத கிணற்றைத் துப்புரவாக்கிவிட்டால் போதுமா? இதற்குப் பதில் சொல்ல உதவியவர் ஒரு புவிச்சரிதவியலாளர்.

அந்தப் படிப்புப் படித்தவர் இரத்தினக்கல்லும் காரீயமும் தேடுபவர், மிஞ்சினால் புல்மோட்டைக் கனிய மணலை அளப்பவர் என்றுதான் நாம் நினைப்போம். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க கல்லிலிருந்து கிணற்றுக்கு வந்தார். கல்லில் உள்ளது தண்ணீர் வழியே கமக்காரரின் உடம்பில் என்ன செய்கிறது என்பதே அவரது ஆராய்ச்சியாயிற்று. 1985இல் வீரசூரிய என்பவருடன் சேர்ந்து இலங்கைக் கிணற்று நீரின் இரசாயன வரைபடத் தொகுதியை வெளியிட்டார். உலர் வலயத்தில் புளோரைட்டு மிகுந்த இடங்கள் அதில் தெரிந்தன.

புளோரைட்டு எங்கிருந்து வருகிறது? நம் நிலத்தின் அடியில் உள்ள பழைய கருங்கற் பாறைகளில் மைக்கா, அப்பற்றைற்று போன்ற கனியங்கள் உண்டு. பாறை வெடிப்புகளில் தண்ணீர் நெடுங்காலம் தங்கும்போது அவற்றிலிருந்து புளோரைட்டு கரைகிறது. ஆகவே ஆழமான குழாய்க்கிணற்றில் அது கூடுதலாக இருக்க இடமுண்டு. குளத்து நீரும் மழை நீரும் ஊறும் ஆழமற்ற கிணற்றில் பெரும்பாலும் குறைவு. ஆழமான தண்ணீரே சுத்தமானது என்ற எண்ணம் கிருமி விடயத்தில் சரி, இதில் சரியல்ல.

உப்பை நாக்கு சொல்லிவிடும். புளோரைட்டுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். பல் முளைக்கும் முன்பே தாடைக்குள் உருவாகிறது. ஆகவே எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே பாதிப்பு அதிகம். கபிலக் கறை பின்னரே தெரியும், தேய்த்தாலும் போகாது. மிக அதிகமான அளவைப் பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும்.

உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வெயிலில் வேலை செய்பவர் கூடுதலாகக் குடிப்பதால் அந்த அளவு நமக்குப் பொருந்தாது என்று திசாநாயக்க வாதிட்டார். இலங்கையின் 2013ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் 1 மில்லிகிராம்.

நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணல் நிலத்தில் கதை வேறு. அங்கே நன்னீர் உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளை மோட்டாரால் மீண்டும் மீண்டும் இறைத்தபோது கீழேயிருந்த உப்புத்தான் மேலே வந்தது. உப்பைக் கழுவியது மாரி மழையே. அத்தகைய கிணற்றில் வாளியால் அளவாக இறைப்பதே நல்லது.

குடிக்கத் தொடங்குமுன் சோதியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் சபையிடமோ கேட்கலாம். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் அல்ல, கழுவிய பிளாஸ்ரிக் போத்தலில் எடுங்கள். கண்ணாடியோடு புளோரைட்டு சேர்ந்துவிடும். அளவு கூடினால் அந்தக் கிணற்றைக் குளிப்புக்கும் தோட்டத்துக்கும் விட்டு, சிறுபிள்ளைகளுக்காவது சுத்தமாகச் சேர்த்த மழைநீரைக் கொடுங்கள். சுட்ட செங்கல் துண்டுகள் நிரப்பிய வீட்டு வடியும் இந்நாட்டில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் செங்கலை அவ்வப்போது மாற்றாவிட்டால் அது வெறும் வாளிதான்.