அந்தமான் தீவுகளில் புற்றுநோய்: காரணங்கள் தெரியும், பொறுப்பு தில்லிக்கு

புது தில்லி: அந்தமான், நிகோபார் தீவுகளில் புற்றுநோய் குறித்த பேச்சு எழும்போதெல்லாம் சிகிச்சை வசதிக்கான கோரிக்கையே முன்னிற்கிறது. அது நியாயமானதுதான். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேர்) சென்னை ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் உள்ளது. கப்பலில் வந்தால் மூன்று நாள் பயணம். உயர் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் நோயாளிகள் கடல் கடந்து வருவது பல பத்தாண்டுகளாகத் தொடரும் நடைமுறை. ஆனால், நோய் வந்தபின் எங்கே செல்வது என்ற கேள்விக்குக் கிடைக்கும் கவனம், நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை.

நாட்டில் 2022-ம் ஆண்டில் சுமார் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் மதிப்பிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்களே கொண்ட இத்தீவுகளின் பங்கு இதில் சில நூறு மட்டுமே. எனவே மாநில வாரியான பட்டியல்களில் அந்தமான் கவனம் பெறுவதில்லை. நோய்க்கு வழிவகுக்கும் பழக்கங்களைப் பட்டியலிட்டால், அது முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

புகையிலையும் பாக்கும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் வட்டார மையம் தீவுகளின் தலைநகரில் 1983 முதல் இயங்கி வருகிறது. அதன் ஆய்வாளர்கள் பங்கேற்று, 14 வயதுக்கு மேற்பட்ட 18,018 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-ல் வெளியானது. அதன்படி, ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் 48.9 சதவீதம், மெல்லும் பழக்கம் மட்டும் உள்ளோர் 40.9 சதவீதம். 2016-17-ல் நாடு முழுவதும் வயது வந்தோரிடையே எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். ஆண்டுகளும் முறைகளும் வேறுபட்டாலும் இடைவெளியின் அளவு தெளிவாகவே தெரிகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்விலும், தீவுகளில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரும், பெண்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோரும் புகையிலை பயன்படுத்துவது பதிவானது.

மெல்லும் புகையிலையில் உள்ள நைட்ரோசமைன் எனும் வேதிப்பொருள்கள் வாய், தொண்டை, உணவுக் குழாய் ஆகியவற்றின் திசுக்களைச் சிதைக்கின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு தீங்கற்றது என்ற நம்பிக்கையும் தவறானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. தொடர்ந்து பாக்கு மெல்வோருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதே கடினமாகும் நிலை ஏற்படுகிறது. இது புற்றுநோய்க்கு முந்தைய எச்சரிக்கை. 2022-ல் இந்தியாவில் ஏற்பட்ட வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 83,400 மெல்லும் புகையிலை, பாக்கு ஆகியவற்றால் நேர்ந்தவை என்று அதே முகமை 2024-ல் மதிப்பிட்டது.

தீவுகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தென்னைக்கு இணையாக அங்கே முக்கியத் தோட்டப் பயிர் பாக்கு. பயிரை வளர்க்க ஒரு துறை உதவுகிறது. மெல்லாதீர் என்று மற்றொரு துறை பிரசாரம் செய்கிறது. பாக்கு விலை குறித்துக் கர்நாடக, கேரள உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அடிக்கடி குரல் எழுப்புகின்றனர். பாக்கை நம்பியுள்ள சிறு விவசாயிக்கு மாற்றுப் பயிர் எது என்ற கேள்வி அந்த அளவுக்கு ஒலிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்

தீவுகளின் இரண்டாவது அபாயம் ஹெபடைடிஸ் பி வைரஸ். கல்லீரல் புற்றுநோய்க்கு இது முக்கியக் காரணம். நிகோபாரியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இக்கிருமியைச் சுமந்திருப்பதையும், ஷோம்பென் பழங்குடியினரிடையே அது மேலும் மிகுதியாக இருப்பதையும் வட்டார மையத்தின் ஆய்வுகள் 2000-ம் ஆண்டையொட்டி வெளிப்படுத்தின. கைக்குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடுவது இதனால்தான் இன்றியமையாதது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002-03-ல் சோதனை முறையில் தொடங்கி, 2011-ல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த தலைமுறையில் பலர் அந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே உள்ளனர்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. எனும் வைரஸ். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதற்கான தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார். மது, உடற்பருமன், முதுமை, சிறிய அளவில் பரம்பரை ஆகியவையும் காரணப் பட்டியலில் உள்ளன. வயதையும் பரம்பரையையும் மாற்ற இயலாது. எனினும், புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக் கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பேரவை இல்லாத பிரதேசம்

மற்ற மாநிலங்களில் சுகாதாரம் மாநில அரசின் பொறுப்பு. அந்தமானில் சட்டப்பேரவை இல்லை. மத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் துணைநிலை ஆளுநர் நிர்வகிக்கிறார். மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் எவரும் இல்லை. தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கின்படி சுமார் 15 சதவீதம். வங்காளம், இந்திக்கு அடுத்து மூன்றாவது பெரிய மொழிப் பிரிவினர் அவர்கள். அவர்களுக்காகவும் பேச தமிழக உறுப்பினர்களுக்கு வாய்ப்பு உண்டு.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ம் ஆண்டுச் சட்டம். உணவுப் பொருளில் புகையிலை சேர்க்கக் கூடாது என்கின்றன 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள். பான் மசாலாவையும் புகையிலையையும் தனித்தனிப் பொட்டலங்களாக விற்று நிறுவனங்கள் இவ்விதியைச் சுற்றிச் சென்றன. தடையைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது.

சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2022 செப்டம்பரில் அளித்த 139-வது அறிக்கையில், புகையிலைப் பொருள்களின் விலை இந்தியாவில் மிகக் குறைவு என்று சுட்டிக்காட்டி வரியை உயர்த்தப் பரிந்துரைத்தது. புகையிலை மீதான கலால் வரியைத் திருத்தவும், பான் மசாலா உற்பத்தி மீது மேல்வரி விதிக்கவும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆனால், பெட்டிக்கடையில் உதிரியாக விற்கப்படும் புகையிலையையும் பாக்கையும் வரி மட்டும் கட்டுப்படுத்திவிடாது. கடைக்கு உரிமம், பள்ளிகளைச் சுற்றி முறையான சோதனை ஆகியவையும் வேண்டும்.

வழி என்ன?

30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் ஏற்கெனவே உள்ளது. டார்ச் விளக்கு வெளிச்சத்தில் வாய்க்குள் பார்க்க, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும். வெண்படலத்தை அந்நிலையிலேயே கண்டு, பழக்கத்தை நிறுத்தச் செய்தால், பலரைக் கப்பலேறும் நிலையிலிருந்து காப்பாற்றலாம். தீவுகளில் 2015-ல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிக்கு இதில் பெரும் பங்கு இருக்க முடியும்.

தீவு வாரியாக எத்தனை பேருக்கு வாய்ப் பரிசோதனை நடந்தது, எத்தனை குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே ஹெபடைடிஸ் தடுப்பூசி போடப்பட்டது, புகையிலை விற்ற எத்தனை கடைகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது? இம்மூன்று கேள்விகளுக்கும் பதில் அளிக்க வேண்டியவர்கள் மத்திய உள்துறையும் சுகாதாரத் துறையும்தான். கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்.