நினைவும் நரம்பும் (7): நினைக்குந்தோறும் நெகிழ்வது

சென்ற வாரம், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களே உடைய அப்லீசியா என்னும் கடல் நத்தையைக் கொண்டு எரிக் காண்டெல் கண்டறிந்த உண்மையோடு நிறுத்தினோம். சில நிமிஷங்களே நிற்கும் ஞாபகத்துக்கு நரம்பணுவில் ஏற்கெனவே இருக்கும் புரதங்களில் சிறு மாற்றம் நேர்ந்தாலே போதும்; நாட்கணக்கில் நிற்க வேண்டிய ஞாபகத்துக்கோ, அணுவின் கருவிலுள்ள மரபணுக்களுக்குச் செய்தி போய், புதுப் புரதங்கள் உற்பத்தியாகி, நரம்பணுக்களுக்கிடையே புதிய இணைப்புகளே முளைத்தாக வேண்டும். இதைப் படித்த அன்பர்கள், இணைப்பு முளைத்துவிட்டால் ஞாபகம் அத்துடன் ஸ்திரமாகிவிட்டது, பிறகு அதை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் அதற்கு ஒரு சேதமும் வராது என்று முடிவு கட்டியிருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நூற்றாண்டு காலம் இத்துறையின் பண்டிதர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள்.

இந்த எண்ணத்துக்கு ஜன்மபூமி ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் நகரம். அங்கே கியோர்க் எலியாஸ் முல்லர், அல்ஃபோன்ஸ் பில்ட்செக்கர் என்ற இருவர், பொருளற்ற அசைகளை ஜோடி ஜோடியாக மனிதர்களை நெட்டுருப் போடச் செய்து, ஒரு பாடம் முடிந்த கையோடு வேறொரு பாடத்தைப் புகுத்தினால் முதற்பாடம் சிதைகிறதென்றும், சற்று இடைவெளி விட்டுப் புகுத்தினால் அவ்வளவாகச் சிதைவதில்லையென்றும் கண்டு, புதிய ஞாபகம் இறுகுவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கிறது என்ற சித்தாந்தத்தை 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மெத்தை வீட்டுத் தளத்துக்குச் சுண்ணாம்புக் காரை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஈரமாக இருக்கையில் காக்கை நடந்தாலும் தடம் விழும், காய்ந்துவிட்டாலோ பத்துப் பேர் நடந்தாலும் ஒன்றும் ஆகாது.

அந்த இறுக்கம் எதனால் ஆனது என்று துருவியவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்னார்ட் அக்ரனாஃப். 1960-களில் அவர் தங்கமீன்களை மாணாக்கர்களாக ஏற்றுக்கொண்டார். தொட்டியின் நடுவே ஒரு தடுப்பு. விளக்கு எரிந்ததும் தடுப்பைத் தாண்டி அப்பால் போகாத மீனுக்கு இலேசான மின்னதிர்ச்சி. சில தடவைகளிலேயே மீன் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடும். கற்ற உடனே, புரத உற்பத்தியைத் தடுக்கும் பியூரோமைசின் என்ற மருந்தை அதன் மண்டைக்குள் செலுத்தினால், மூன்று நாள் கழித்து விளக்கைக் கண்டும் அது ஒன்றுமே அறியாததுபோல் இருக்கிறது. அதே மருந்தை ஒரு மணி நேரம் தாமதித்துச் செலுத்தினால் பாடம் மறப்பதில்லை. இன்னும் விசேஷம் என்னவென்றால், பாடம் தொடங்குமுன்பே மருந்தைச் செலுத்தினாலும் மீன் கற்பதில் குறை வைப்பதில்லை. கற்றது நிலைக்காமற் போகிறது, அவ்வளவுதான். ஆகவே கற்பது வேறு, கற்றதை நிறுத்திக்கொள்வது வேறு, பின்னதற்கே புதுப் புரதம் தேவை என்பது பிரத்தியட்சமாயிற்று.

எல்லாம் பொருந்திவிட்டதாகத் தோன்றிய இந்தக் கட்டடத்தில் ஒரு விரிசலைச் சுட்டிக் காட்டினார், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட இருவருள் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக். 1984-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையின் கேள்வி இதுதான்: டி.என்.ஏ.வை விட்டுவிட்டால், நம் சரீரத்திலுள்ள மூலக்கூறுகளிற் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ மாதங்களிலோ அழிந்து, அவற்றின் இடத்தில் புதியவை வந்து அமர்கின்றன. அப்படியிருக்க, பால்யத்தில் பதிந்த ஒரு ஞாபகம் எழுபது வயதிலும் எப்படி நிற்கிறது? சமாதானத்தையும் அவரே யோசித்துச் சொன்னார். இரண்டு உறுப்புகள் சேர்ந்த ஒரு புரதம். இரண்டின்மீதும் பாஸ்பேட் என்ற அடையாளம். ஒன்று அழிந்து அடையாளமற்ற புதியது வந்து சேர்ந்தால், எஞ்சிய பழைய உறுப்பின் அடையாளத்தைக் கண்டு ஒரு நொதி புதியதற்கும் அதே முத்திரையை இட்டுவிடும். மறு வருஷமே ஜான் லிஸ்மன் என்ற அமெரிக்கரும் ஏறக்குறைய இதே வழியில் ஒரு கொள்கையை வகுத்தார். பிற்காலத்தில் இவ்விருவர் எண்ணத்துக்கும் ஒத்த நொதி ஒன்று, கால்சியத்தால் தூண்டப்படுவது, 12 உறுப்புகள் கூடியது, ஓர் உறுப்பு அண்டை உறுப்புக்கு முத்திரை இடும் வல்லமையுடையது, நரம்பிணைப்புகளில் ஏராளமாக இருப்பது கண்டறியப்பட்டது. அதுவேதான் நெடுங்கால ஞாபகத்தின் ஆதாரமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும், ஒரு ஞாபகம் வெறுமனே இருந்த இடத்தில் இருப்பதற்கே ஓயாத மராமத்து வேண்டும் என்ற கிரிக்கின் எண்ணம், பின்னால் வந்த பெரிய திருப்பத்துக்கு மனத்தைப் பக்குவப்படுத்தி வைத்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் திருப்பம் நிகழ்ந்தது நியூயார்க் சர்வகலாசாலையில், பயத்தின் நரம்பு வழிகளை ஆராய்ந்துவந்த ஜோசஃப் லெடூவின் ஆய்வுக்கூடத்தில். அங்கே பணியாற்றிய கரீம் நாடர் என்ற இளைஞருக்கு, ஞாபகம் முதன்முதலில் பதியும்போது புதுப் புரதம் தேவையென்றால், பதிந்ததை மீண்டும் நினைக்கும்போதும் தேவைப்படுமோ என்ற ஐயம் எழுந்தது. ஆசிரியருக்கு இதில் நம்பிக்கை இல்லை. காலத்தை வீணாக்க வேண்டாமென்றே சொன்னார். சீடர் கேட்கவில்லை. எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, அத்துடன் பாதங்களில் மின்னதிர்ச்சி கொடுத்தார். அதன்பின் அந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் எலி அசைவற்று உறைந்து நிற்கும். ஒரு நாள் கழித்து, அதாவது பழைய சித்தாந்தப்படி ஞாபகம் நன்றாக இறுகிய பிறகு, அதிர்ச்சியின்றி ஒலியை மட்டும் ஒரே ஒருமுறை எழுப்பிவிட்டு, பயத்துக்கு இருப்பிடமான, மூளையின் அடிப்புறத்தில் வாதுமைப் பருப்புப் போன்றிருக்கும் அமிக்டலாவில், புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசின் மருந்தைச் செலுத்தினார். மறுநாள் ஒலி எழுந்தது. எலிகளின் பயம் பெருமளவு மறைந்திருந்தது.

மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது, அதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். அதற்குத்தான் நாடர் முன்னேற்பாடாக வேறு எலிகளையும் வைத்திருந்தார். ஒலியை எழுப்பி ஞாபகப்படுத்தாமல் வெறுமனே மருந்தை மட்டும் பெற்ற எலிகளின் பயம் சிறிதும் குறையவில்லை. ஞாபகப்படுத்தி ஆறு மணி நேரம் கழித்து மருந்து பெற்றவற்றுக்கும் குறையவில்லை. அதிர்ச்சி கொடுத்து 14 நாட்கள் ஆன பின்பு ஞாபகப்படுத்தி மருந்து கொடுத்தாலோ, பயம் அப்போதும் அழிந்தது. ஆக, மருந்துக்கு இலக்கானது நினைக்கப்பட்ட ஞாபகம் மட்டுமே. அதுவும் நினைத்த சில மணி நேரத்துக்குள் மட்டுமே. 2000-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ பத்திரிகையில் இது வெளிவந்தபோது எழுந்த கண்டனங்களுக்கும் சர்ச்சைகளுக்கும் குறைவில்லை. நியாயமாகப் பார்த்தால் இது முற்றிலும் புதிய செய்தியும் அல்ல. 1968-லேயே ரட்கர்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மூவர், முந்தைய நாள் பாடத்தை எலிக்கு ஞாபகமூட்டிவிட்டுத் தலையில் மின்சாரம் பாய்ச்சினால் அப்பாடம் மறந்துபோகிறது என்று எழுதியிருந்தார்கள். நடைமுறைச் சித்தாந்தத்துக்கு ஒவ்வாததால் முப்பது வருஷம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விஞ்ஞானத்திலும் ஜாதகம் சரியில்லாத உண்மைகள் உண்டு.

சரி, நினைக்கும் க்ஷணத்தில் நரம்பிணைப்பில் நடப்பதுதான் என்ன? 2008-இல் தென்கொரியாவின் சியோலில் பாங்-கியுன் காங் குழுவினர் செய்த ஆராய்ச்சி இதற்குத் தந்த விடையே எனக்கு இந்தத் தொடர் முழுவதிலும் மிகவும் அழகாகப் படுகிறது. செல்லுக்குள் வேண்டாத புரதங்களை, யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் குறியிட்டு, புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவ யந்திரத்துக்குள் தள்ளி நறுக்கும் ஏற்பாடு ஒன்று எப்போதும் உண்டு. எலியின் ஞாபகம் கிளறப்பட்டதும், அந்த ஞாபகத்தைத் தாங்கும் நரம்பிணைப்புகளிலுள்ள சில புரதங்கள் இந்த யந்திரத்துக்கு இரையாகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அதாவது, கட்டியதை மூளை தானே பிரிக்கிறது. பிரித்ததைத் திரும்பக் கட்டத்தான் புதுப் புரதம் வேண்டியிருக்கிறது. அனிசோமைசின் அழிப்பது எதையும் இல்லை. திரும்பக் கட்டுவதைத் தடுக்கிறது. இதற்கு அவர்கள் காட்டிய அத்தாட்சி சாமர்த்தியமானது: நறுக்கும் யந்திரத்தை ஒரு மருந்தால் நிறுத்திவிட்டு அனிசோமைசினையும் செலுத்தினால் ஞாபகம் அழிவதில்லை. பிரிக்காத வீட்டுக்குக் கொத்தன் எதற்கு?

இப்படித் திரும்பக் கட்டுவது முதலிற் கட்டியதன் பிரதி என்றும் எண்ணிவிட வேண்டாம். 2004-இல் கேம்பிரிட்ஜில் ஜொனாதன் லீ, பாரி எவரிட், கெரி தாமஸ் ஆகியோர், எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், புது ஞாபகம் பதிய பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் தேவையென்றும், நினைத்த ஞாபகம் மறுபடி இறுக அது தேவையில்லை, ஸிஃப்268 என்ற வேறொரு மரபணுவின் புரதமே தேவையென்றும் காட்டினார்கள். இரண்டு காரியங்களுக்கும் மூளை தனித்தனி வழி வைத்திருக்கிறதென்றால், அது தற்செயலான பலவீனமாக இருக்க முடியாது.

எதற்காக இப்படி ஓர் ஆபத்தான ஏற்பாடு என்று கேட்டால், இத்துறையினர் பலர் ஒப்புக்கொள்ளும் காரணம், பழைய ஞாபகத்தில் புதிய அனுபவத்தைச் சேர்ப்பதற்கு என்பதே. நினைத்ததெல்லாம் நெகிழ்வதுமில்லை, மிகப் பழையதும் மிக ஆழமாகப் பதிந்ததும் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தால் பல சந்தர்ப்பங்களில் ஞாபகம் பூட்டியபடியே இருக்கிறது. எதிர்பாராதது ஏதேனும் கலந்தால்தான் பூட்டு திறக்கிறது.

மனிதரிடம் இதைச் சோதித்தவர்களுள் முதன்மையானவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மெரல் கிண்ட். சிலருக்குச் சிலந்திப் படத்தைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்துப் பயத்தை உண்டாக்கி, மறுநாள் அதை ஞாபகப்படுத்துமுன் புரோப்ரனலால் என்ற மாத்திரையில் 40 மில்லிகிராம் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள், படத்தைத் தொடர்ந்து அதிர்ச்சி வரக்கூடும் என்பதை அவர்கள் மறந்திருக்கவில்லை. ஆனால் திடுக்கிடுவது மட்டும் நின்றிருந்தது. செய்தி இருக்கிறது, அதன் நடுக்கம் போய்விட்டது. 2009-இல் வெளியான இந்த முடிவு, பிற ஆய்வுக்கூடங்களில் எல்லாத் தடவையும் இதே போல் வாய்க்கவில்லை. ஆகையால் பயங்களை அழிக்கும் மாத்திரை வந்துவிட்டது என்று பத்திரிகைகள் முழங்கியது அவசரம் என்றே சொல்ல வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு யாரும் மருந்துக் கடைக்குப் புறப்பட வேண்டாம். புரோப்ரனலால் இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைப்பதற்காக வைத்தியர்கள் அளந்து கொடுக்கும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சையே அடைத்துவிடக்கூடும்.